கரகரப்பு பிளேட்டில் இல்லை: ஒரு கிராமபோன் பெட்டியைப் பிரித்துச் சேர்த்த பதிவு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடு ஒன்றின் மேல்மாடி அறையிலிருந்து இறங்கிய பெட்டி இது. 1920-களின் தொடக்கத்து ஹெச்.எம்.வி. மேசை மாடல். பூ மாதிரி விரிந்த வெளிக் குழாய் கிடையாது. ஒலிக்குழாய் பெட்டிக்குள்ளேயே மறைந்திருக்கிறது. முனையில் எக்ஸிபிஷன் வகை சவுண்ட் பாக்ஸ் (ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சிறு வட்டப் பெட்டி), அதில் மைக்கா தகடு. கூடவே ஒரு தகரப் பெட்டியில் நாற்பது பிளேட்டுகள், அதாவது இசைத்தட்டுகள்.

குறைகள் மூன்று. சத்தம் கரகரவென்று, தகரத்தைத் தட்டினாற்போல வருகிறது. முக்கால் பாட்டில் குரல் இழுத்துத் தாழ்கிறது. நடுநடுவே பெட்டியே அதிரும்படி 'டப்' என்று ஓர் அடி. பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் ஒரே தீர்ப்புதான் சொல்லப்படும்: "பிளேட் தேஞ்சு போச்சு." பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு. முதல் குறைக்குக் காரணம் சவுண்ட் பாக்ஸ். இரண்டாவது, மூன்றாவது குறைகளுக்குக் காரணம், மோட்டாரின் வில்லை அடக்கியிருக்கும் டிரம்முக்குள் இறுகிப்போன கிரீஸ். நாற்பதில் உண்மையிலேயே தேய்ந்தவை ஏழு.

தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டறையில் டார்ச்சைப் பிளேட்டுக்குச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். நல்ல பள்ளம் கறுப்பாக மின்னும். தேய்ந்த பள்ளம் சாம்பல் பூத்திருக்கும். சாம்பல் முதலில் தெரிவது பாட்டு உச்சத்தில் ஏறும் இடங்களிலும் லேபிளுக்கு அருகிலும். லேபிள் பக்கம் ஏன் என்றால், நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் வெளி ஓரத்துப் பள்ளம் (ஆரம் 12 செ.மீ.) ஊசியடியில் நொடிக்கு 98 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, உள் ஓரத்தில் (ஆரம் 5 செ.மீ.) 41 செ.மீ.தான். அதே ஒலி அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. அதற்குள் ஊசியும் தேய்ந்து மழுங்கியிருக்கும்.

சவுண்ட் பாக்ஸ்

முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும். சாவி கொடுத்து ஓடும் வில் மோட்டாரில் இரண்டு நாள் உழைத்துவிட்டுக் கடைசியில் இங்கே வருகிறவர்கள் அதிகம். ஒலியில் பெரும்பகுதி தொலைவது இந்த உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள்தான்.

மைக்கா தகட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் குழாய் வளையங்கள் பிடித்திருக்கின்றன. நூறாண்டு ரப்பர் கல்லாகிவிட்டது. குண்டூசியால் குத்தினால் பொடியாக உதிர்ந்தது. விளிம்பு மெத்தென்று இருந்தால்தான் தகடு முழுவதும் முன்னும் பின்னும் போய்வரும். விளிம்பு இறுகினால் நடுப்பகுதி மட்டும் நடுங்கும். தாழ்ந்த சுரங்கள் செத்துப்போய், மேலே ஒரு கூர்மையான கீச்சொலி மட்டும் மிஞ்சும். 'பழைய பிளேட் சத்தம்' என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பது இந்தக் கீச்சைத்தான்.

பிரிக்கும் வரிசை முக்கியம். ஊசியைப் பிடித்திருக்கும் ஊசித்தண்டின் மேல்முனை தகட்டின் நடுவில் சின்னஞ்சிறு திருகால் பிடிக்கப்பட்டு, மேலே மெழுகு வைத்து மூடப்பட்டிருக்கும். சூடேற்றிய ஊசியால் மெழுகை இளக்கி, திருகைக் கழற்றிய பிறகே மற்றதில் கை வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு முதலில் பின்தகட்டைக் கழற்றி இழுத்தால் மைக்கா நட்சத்திரமாக வெடிக்கும். திருகு இறுகியிருந்தால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பது நல்லது.

மைக்காவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில் ஓரத்தில் வெள்ளித் திட்டு ஒன்று. அடுக்குப் பிரிந்ததன் அடையாளம். கடுகளவு என்பதால் விட்டாயிற்று. நடுத்துளையைச் சுற்றித் திட்டு இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் மைக்கா மின்சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் துணுக்குகளைப் பசை போட்டு ஒட்டிய பலகை மைக்கா இதற்கு உதவாது. கண்ணாடி போல ஊடே தெரியும் ஒற்றைத் தாள், ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமன் வேண்டும். கூர்மையான பிளேடால் ஓர் ஓரத்தைப் பிளந்து மெலியவைக்கலாம்.

புது வளையத்துக்கு சைக்கிள் வால்வு டியூப் போடுவது பழைய வழக்கம். அவசரத்துக்குச் சரி. ஆனால் அதன் சுவர் தடிப்பு. மேல்மாடி வெக்கையில் சில ஆண்டுகளில் மறுபடி இறுகும். 2.5 மி.மீ. வெளிவிட்டமுள்ள மெல்லிய சிலிக்கோன் குழாய் மேல். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுக் குழாய் இதற்கு மிகத் தடிமன். குழாயை வளையத்தின் நீளத்துக்கு வெட்டும்போது இரு முனையும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் தகடு அந்த இடத்தில் சாயும். இடைவெளி விட்டால் காற்று ஒழுகும். இந்தப் பெட்டியில் முதல் முறை அரை மி.மீ. இடைவெளி விழுந்தது. பாட்டில் வயலின் வரும்போதெல்லாம் 'இஸ்' என்று காற்றுச் சத்தம். பிரித்து மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

பின்தகட்டுத் திருகுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்க வேண்டும். வளையம் லேசாக அமுங்கினால் போதும். இறுக்கித் திருகினால் புது ரப்பரும் பழைய கல் ரப்பரும் ஒன்றுதான்.

அடுத்தது ஊசித்தண்டு. அது கத்திமுனை போன்ற அச்சில் உட்கார்ந்து, இருபுறமும் வில்லும் திருகுமாக இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சரிக்கட்டுவதில்தான் கைப்பக்குவம். நடுத்திருகை மாட்டுவதற்கு முன், தண்டின் முனை தகட்டைத் தானாகவே தொட்டும் தொடாமலும் வந்து நிற்கும்படி இரண்டு திருகுகளையும் சமன்செய்ய வேண்டும். தகட்டை உள்ளே தள்ளினாலோ வெளியே இழுத்தாலோ அது எப்போதும் ஒரு பக்கம் உப்பிய நிலையில் இருக்கும். உரத்த இடத்தில் ஒலி கிழியும். வில் இறுக்கமாக இருந்தால் சத்தம் மெலிந்து கூர்மையாகும், தளர்ந்தால் 'கிர்ர்' என்று அடிக்கும். சமன் ஆனபின் நடுத்திருகை மாட்டி, தேன்மெழுகில் ஒரு மிளகளவு உருக்கி இரண்டு பக்கமும் மூடினால் முடிந்தது.

சோதனை எளிது. பின்புறத் துளையில் உதட்டை வைத்து மிக மெல்ல உறிஞ்ச வேண்டும். காற்றுப் பிடித்து நின்றால் சரி. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஒழுகல் உண்டு. பலமாக உறிஞ்சினால் மைக்கா போய்விடும், கவனம்.

பின்புறத்தில், சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாய்க் கையான ஒலிக்கையோடு சேரும் ரப்பர் கழுத்தும் இறுகிப்போயிருந்தது. அதற்கும் புது ரப்பர். இந்த மூட்டு மெத்தென்று இல்லாவிட்டால் மோட்டாரின் உறுமல் நேராகத் தகட்டுக்கு ஏறும்.

குழாய்

உள்குழாய்க்கு ஒரே சோதனை: இருட்டில் வாய்ப்பக்கம் டார்ச்சை வைத்து, பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்ப்பது. இதில் இரண்டு கீற்று வெளிச்சம் தெரிந்தது. ஒன்று பலகை மூட்டு பிளந்தது, இன்னொன்று பூச்சி துளைத்தது. மெல்லிய காகிதக் கீற்றை மரப்பசையில் தோய்த்து இரண்டு அடுக்காக ஒட்டியதும் போயிற்று. ஒலிக்கை சுழலும் மூட்டில் கிரீஸை மெல்லப் பூசினால் காற்றும் அடைபடும், கையும் இலகுவாகத் திரும்பும். ஒழுகலால் முதலில் குறைவது தாழ்ந்த சுரம். அதனால் சின்ன ஓட்டைதானே என்று விடக் கூடாது.

வில்லும் கிரீஸும்

டிரம்முக்குள் இருக்கும் வில் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு, சுருள் சுருளாகப் பிரியாமல் நான்கைந்து சுருளாகச் சேர்த்து விடுபடுகிறது. அந்த 'டப்' இதுதான். ஒட்டிக்கொண்ட வில் தன் சக்தி முழுவதையும் கொடுக்காது. அதனால்தான் முக்கால் பாட்டில் இழுவையும்.

வில்லில் கை வைக்கும் முன் சாவி முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். பிளேட் வைக்கும் சுழல்தட்டைக் கழற்றி மோட்டாரைத் தானே ஓடி நிற்க விடுவதுதான் வழி. சாவி ஏறிய நிலையில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் பற்சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்று பல் உதிரும், விரலும் போகும்.

டிரம்மின் மூடியைத் திறந்ததும் கறுப்புத் தார். அதன் மேல் யாரோ எண்ணெய் விட்டிருந்த தடமும் உண்டு. வீட்டு எண்ணெய் இதற்கு எதிரி. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாக இறுகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், பித்தளையில் பச்சைக் களிம்பும் ஏற்றும்.

வில்லை எடுக்கத் தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். டிரம்மைக் கோணிச்சாக்குக்குள் வைத்து, உள்முனையைக் குறட்டால் பிடித்து, ஒரு கையால் மீதிச் சுருளை அமுக்கிக்கொண்டே சுற்றுச் சுற்றாக விட வேண்டும். 25 மி.மீ. அகல எஃகுப் பட்டை ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தால் கையைக் கிழிக்கும். பிறகு டீசலில் ஊறவைத்து, துணியால் இழுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்தாயிற்று. டர்பெண்டைனும் ஆகும்.

துடைத்தபின் பார்க்க வேண்டியவை: துருக்குழி, மடிப்பு, வெளிமுனைத் துளையைச் சுற்றி விரிசல். இந்த வில்லில் வெளிமுனைத் துளை பாதி பிய்ந்திருந்தது. கெட்டுப்போன 3 செ.மீ.யை வெட்டிவிட்டு, முனையில் 2 செ.மீ. மட்டும் சிவக்கக் காய்ச்சித் தானே ஆறவிட்டால் எஃகு இளகும். துளை போட்டு, அரத்தால் பேரிக்காய் வடிவுக்கு இழைக்கலாம். சூடு அதற்கு மேல் பரவாமல் ஈரத்துணி சுற்ற வேண்டும். பரவினால் வில் அந்த இடத்தில் வில்லாக இருக்காது. உள்முனை ஒடிந்தால் இதே வேலை மூன்று மடங்கு கஷ்டம். புது வில் வாங்கிவிடலாம். அகலம், தடிமன், நீளம், முனையின் வடிவம் ஆகிய நான்கையும் அளந்து சொல்லாமல் வாங்கிய வில் பொருந்தாது.

கிராஃபைட் கிரீஸ் இரண்டு தேக்கரண்டி போதும், பட்டை முழுவதும் மெல்லியதாகத் தடவியபடியே சுருட்டி உள்ளே விடலாம். மிகுதியாக வைத்தால் மூடி வழியே பிதுங்கிப் பெட்டிக்குள் வழியும்.

கவர்னரில் மூன்று எடைகள், மூன்று மெல்லிய பட்டை வில்கள். ஒன்று ஒடிந்தால் மூன்றையும் ஒரே தடிமனில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடை தவறிக் குரல் நடுங்கும். இதில் மூன்றும் நன்றாகவே இருந்தன. கவர்னரின் தகட்டை உரசும் தோல்துண்டு மட்டும் காய்ந்து கீச்சிட்டது. ஒரு சொட்டு எண்ணெயில் அடங்கியது.

சுற்றும் சுருதியும்

வேகத்தை வெறும் சுழல்தட்டில் அளக்கக் கூடாது. பிளேட் போட்டு, ஊசி ஓடும்போதுதான் அளக்க வேண்டும். ஊசியின் இழுவையே சில சுற்றைத் தின்னும். பிளேட்டின் ஓரத்தில் காகிதத் துண்டை ஒட்டி, 30 நொடிக்கு 39 எண்ணினால் 78. நுட்பமாக வேண்டுமென்றால் 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். கோடுகள் நின்றாற்போலத் தெரிந்தால் வேகம் 77.92. இதற்குச் சோக்கு வைத்த பழைய டியூப் லைட் வேண்டும். எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் மினுக்கமே இருக்காது, வீணாகக் கண்ணை உறுத்திக்கொள்ளக் கூடாது.

பெட்டி வந்தபோது தொடக்கத்தில் 78, முடிவில் 74 சுற்று. இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு அரைச்சுரம்: ஐந்து கட்டையில் எடுத்த பாட்டு நாலரைக் கட்டையை ஒட்டி முடிகிறது. பாடியவருக்குச் சுருதி சேரவில்லை என்று பழி. வேலைக்குப் பிறகு 78-ல் தொடங்கி 77-ல் முடிகிறது. முழுச் சாவியில் 10 அங்குலப் பிளேட் ஒரு பக்கம் ஓடி, மேலும் ஒரு நிமிடம் ஓடுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 78 என்பது பிற்பாடு நிலைத்த எண். 1900-களில் எடுத்தவை 70-லிருந்து 80-க்கு மேல் வரை எங்கும் இருக்கும். நாடகப் பாட்டுப் பிளேட்டில் ஆர்மோனியம் இருந்தால் அது உதவி. குரலும் ஆர்மோனியமும் சேர்ந்தே எலிக்குரலாக ஒலித்தால் வேகம் அதிகம். அந்தக் கால ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே சுருதி என்று சொல்ல முடியாததால், காதின் தீர்ப்பையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

எந்தப் பிளேட்டுக்கு எந்தச் சவுண்ட் பாக்ஸ்

சரிசெய்த பிறகும் பத்துப் பிளேட்டுகளில் உரத்த இடங்களில் ஒலி கிழிந்தது. இது பழுது அல்ல, பொருத்தமின்மை.

1925-க்கு முன் பாடகர் நேராக ஒரு கூம்புக் குழாய்க்குள் பாடினார். குரலின் அழுத்தமே மெழுகில் ஊசியை அசைத்தது. அதில் பிடிபட்டது தோராயமாக 200-லிருந்து 2,500 ஹெர்ட்ஸ். பாடகி கோயம்புத்தூர் தாயி காலத்துப் பிளேட்டில் குரல் வியக்கத்தக்க அளவு தெளிவாக வரும். மிருதங்கத்தில் வலந்தலையின் 'ணங்' மட்டும் கேட்கும், தொப்பியின் 'தொம்' இருக்காது, தம்புரா இல்லவே இல்லை. அதைத் தேடி எந்தப் பெட்டியைத் திருகினாலும் வராது, ஏனென்றால் பள்ளத்திலேயே இல்லை.

1925-ல் மைக்கும் மின்பெருக்கியும் வந்தபின் எல்லை 100-லிருந்து 5,000 வரை விரிந்தது. ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஓடியன் பிளேட்டுகள் இந்தச் சீமை வீடுகளில் நிறைய. அவை மின்பதிவு. தாழ்ந்த சுரத்துக்குப் பள்ளம் அகலமாக ஆடுகிறது. எக்ஸிபிஷன் சவுண்ட் பாக்ஸின் தண்டு முந்தைய பதிவுக்கென்று செய்தது. அந்த ஆட்டத்தைப் பின்தொடர முடியாமல் பள்ளச் சுவரை உழுகிறது. ஊசிமுனையைச் சமையலறைத் தராசில் வைத்தால் 130 கிராமுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. அவ்வளவு பாரத்தோடு உழுதால் சாம்பல் பூக்காமல் என்ன செய்யும்? தேய்ந்த ஏழில் ஆறு மின்பதிவுப் பிளேட்டுகள்.

ஹெச்.எம்.வி. பிளேட்டில் இதை அடையாளம் காண, லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான இடத்தில் பதிவு எண்ணுக்குப் பின்னால் சிறு முக்கோணமோ சதுரமோ இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் மின்பதிவு.

அவற்றுக்கு அலுமினியத் தகடு போட்ட பிந்தைய சவுண்ட் பாக்ஸ் ஒன்று தனியாகச் சேர்க்கப்பட்டது. கழுத்து அளவு ஒத்துப்போகாது. லேத்தில் பித்தளை வளையம் கடைந்து, உள்ளே ரப்பர் வைத்துப் பொருத்த வேண்டும். மாற்றியதும் ஊசிமுனை சுழல்தட்டின் நடுக்கம்பியிலிருந்து நிற்கும் தூரம் இரண்டு மி.மீ.க்கு மேல் மாறாமல் பார்க்க வேண்டும். மாறினால் ஊசி பள்ளத்தில் பக்கவாட்டில் சாய்ந்து ஓடும், ஒரு சுவர் மட்டும் தேயும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இத்தகைய உதிரிகள் எப்போதாவது கண்ணில் படும். வாங்குமுன் துத்தநாகக் கலவை உடலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த உலோகம் வயதானால் உப்பி வெடிக்கும். அலங்காரத்துக்காகச் செய்த பளபளக்கும் பித்தளைக் குழாய்ப் பெட்டிகளின் சவுண்ட் பாக்ஸ் பிளேட்டின் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஊசி, பிளேட்

எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. இது கஞ்சத்தனம் பார்க்கிற இடம் இல்லை. அரக்கோடு கல்மாவு கலந்து செய்த பிளேட், முதல் சில சுற்றுகளிலேயே ஊசியைத் தன் பள்ளத்துக்கு ஏற்றபடி சாணை பிடித்துக்கொள்கிறது. பாட்டு முடியும்போது முனை உளியாகியிருக்கும். அதையே அடுத்த பிளேட்டில் வைத்தால் அந்த உளிதான் செதுக்கும். மூங்கிலைச் சீவி, வெளித்தோல் முனையாக வரும்படி சாய்த்து வெட்டிய ஊசி பிளேட்டுக்கு நல்லது. சத்தம் பாதியாகும், மேல்சுரம் மங்கும். தேய்ந்த பிளேட்டுக்கு அந்த மங்கலே அழகு.

பிளேட்டை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைக்கவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கு சொட்டு. மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்தலாம். லேபிளில் ஈரம் படக் கூடாது, ஊறவைக்கவும் கூடாது. வளைந்த பிளேட்டை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்துக் காலை வெயிலில் இருபது நிமிடம் இளக்கி, அப்படியே ஆத்தங்குடிக் கல் தரையில் எடை ஏற்றி ஓர் இரவு ஆறவிட வேண்டும். உச்சி வெயிலில் வைத்தால் பள்ளமே இளகிவிடும். விரிசலின் 'டிக்' நொடிக்கு ஒன்றேகால் முறைக்குச் சற்று மேல், ஒரே சீராகக் கேட்கும். ஒழுங்கில்லாமல் வெடித்தால் அது அழுக்கு.

பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது சாவி முழுவதும் இறக்கப்பட்டது, ஊசி கழற்றப்பட்டது, சவுண்ட் பாக்ஸ் இரண்டும் தனித்தனித் துணிச் சுருக்குப் பைகளில். ஒன்றில் 'பழைய பதிவு', மற்றதில் 'முக்கோணம், சதுரம், ஓடியன்' என்று சீட்டு.